சுவிட்சில் தொங்கிய டோக்கன்

புது ரூமின் மெயின் சுவிட்சைப் போடக் கையை நீட்டியவன் அப்படியே நின்றுவிட்டேன். கைப்பிடியில் ஒரு டோக்கன் தொங்கியது. பித்தளை வட்டம், மேலே ஓட்டை, நடுவில் நானூற்றுப் பதினேழு என்று அடித்த எண். என்னுடைய டோக்கன்தான். சுரங்கம் மூடிய நாளிலிருந்து புத்தர் படத்துக்குப் பக்கத்தில் இருந்த அதை, யாரோ சணல் கயிற்றில் கோத்துக் கொண்டுவந்து இங்கே மாட்டியிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. வீட்டில் இருந்தது மூன்றே பேர். மகள் யசோதரா நிறைமாத வயிற்றோடு கட்டிலில் படுத்திருந்தாள். நான் சுவிட்சுக்கு முன்னால் நின்றிருந்தேன். மிச்சம் என் மனைவி அமுதா. அவள் அடுப்பில் அண்டா வைத்து மகளுக்கு வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். புது பாத்ரூமில் புது கீஸர் மாட்டி நாலு நாள் ஆகியிருந்தது.

"இன்னா இது?" என்றேன்.

"டோக்கனு."

"அது தெரியுது. இன்னாத்துக்கு இங்க மாட்டின?"

"நான் உள்ள கீறேன்" என்றாள், அடுப்பை விட்டுத் திரும்பாமலே. "ஆபீஸ்லேர்ந்து வந்து பாத்து கையெழுத்து போடற வரிக்கும் நான் உள்ளதான் கீறேன். டோக்கன் தொங்கற சுவிட்ச்ச தொடுவீங்களா நீங்க?"

தொடமாட்டேன். அது அவளுக்குத் தெரியும். கோலார் தங்க வயலில் வேலை பார்த்த எந்த எலக்ட்ரீஷியனும் தொடமாட்டான்.

போன வாரம் இந்தத் தொடரில், வீட்டின் பின்பக்கம் ஒரு ரூம் இழுத்துக் கட்டினேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு வேறு கதைக்குத் தாவிவிட்டேன். படித்துவிட்டு அமுதா கேட்டாள்: "ரூமு கட்னத எழுதுவீங்க, அதுல நடந்தத எழுத மாட்டீங்க, இல்ல?" எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் சோற்றில் உப்பு இருக்காது.

நான் போட்ட ஒயரிங்

எங்கள் வீடு மைசூர் மைன்ஸ் பக்கம், கம்பெனி கட்டிய லைன் வீடு. முன்னால் ஒரு கூடம், பின்னால் சமையல், அதற்கும் பின்னால் வெட்டவெளியைத் தாண்டிக் குளியலறை. நாங்கள் இருந்த காலமெல்லாம் அது போதுமாயிருந்தது. தலைப்பிரசவத்துக்கு வரவேண்டிய யசோதராவுக்குப் போதவில்லை. "மழையில நனஞ்சிக்கினே கொழந்தைய தூக்கிக்கினு குளிக்கப் போவணுமாப்பா?" என்று பெங்களூரிலிருந்து போனில் கேட்டாள். பாத்ரூமோடு சேர்த்து ஒரு ரூம் கட்ட அடுத்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

ஒயரிங்குக்கு மட்டும் யாரையும் கூப்பிடவில்லை. பூமிக்கடியில் பம்புக்கும் விளக்குக்கும் கரண்ட் கொடுத்தவன் நான். சுரங்கத்தை மூடிய பிறகு விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய், அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்டும் மோட்டாரும் பார்த்தவன். என் வீட்டு ரூமுக்கு இன்னொருவன் ஒயர் இழுப்பதாவது.

ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. புது ரூம், அதில் கீஸர், அப்படியென்றால் வீட்டுக்குக் கூடுதல் லோடு. லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் வேலை சரியென்று கையெழுத்துப் போட வேண்டும். கரண்ட் ஆபீஸிலிருந்து இன்ஜினீயர் நேரில் வந்து பார்க்க வேண்டும். அவர் சரி சொன்ன பிறகுதான் புது ரூமுக்குக் கரண்ட் கொடுக்கலாம். எனக்குச் சுரங்கச் சான்றிதழ் இருந்ததே தவிர இந்த லைசென்ஸ் இல்லை. ராபர்ட்சன்பேட்டையில் கடை வைத்திருக்கும் பாபுவிடம் காகிதத்தை நீட்டினேன்.

"வந்து பாக்கறியா?"

"அண்ணே, நீங்க போட்டத நான் இன்னாத்த பாக்கறது?" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சிதான் கெடுதல் என்று அப்போது தெரியவில்லை.

காகிதத்தை ஆபீஸில் கொடுத்தேன். இன்ஜினீயர் வரவில்லை. மகள் வந்துவிட்டாள். பெருமையாகக் கட்டிய ரூமில், கீஸரைப் பார்த்துக்கொண்டே அவள் அண்டா வெந்நீரில் குளிப்பதா? கையெழுத்து வரும்போது வரட்டும், நாம் போட்டுவிடுவோம் என்று போனேன். டோக்கன் தொங்கியது.

சினிமா கொட்டகையில் ஒரு டோக்கன்

சுரங்கத்தில் டோக்கனின் மரியாதை தெரியாதவர்களுக்காக ஒரு பழைய கதை.

மோட்டாரில் கை வைக்கும் முன் அதன் சுவிட்சை அணைத்துத் தன் டோக்கனை அதில் மாட்டுவது எங்கள் பழக்கம். நான் உள்ளே இருக்கிறேன், என் கை இரும்பில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். வேலை முடிந்து மாட்டியவனே வந்து கழற்ற வேண்டும். அடுத்தவன் கழற்றக்கூடாது, அவன் யாராயிருந்தாலும்.

நான் வேலையில் சேர்ந்த புதுசு. மத்தியான ஷிஃப்டில் ஒரு லெவலுக்கு இறங்கினால், பம்பு ஓடவில்லை, சுவிட்சில் டோக்கன். முந்தின ஷிஃப்டில் ரிப்பேர் பார்த்தவர் வேலையை முடித்துவிட்டு, கழற்ற மறந்து, கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பம்புப் பக்கம் போய் மூலைமுடுக்கெல்லாம் பார்த்தோம். ஒருவரும் இல்லை. "கழட்டிட்டா இன்னா?" என்றேன். ஃபோர்மேன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "போயி ஆள இட்னு வா" என்றார்.

மேலே வந்து சைக்கிளை எடுத்து அந்த மனிதர் வீட்டுக்கு மிதித்தேன். கதவைத் திறந்தது அவர் மகள். தலையில் ஈரத் துண்டு. "அப்பா படம் பாக்க போய்க்கிறாரு" என்றாள். எந்தக் கொட்டகை என்று கேட்டேன். சொன்னாள். தேவையே இல்லாமல் இன்னொரு முறை கேட்டேன். இன்னொரு முறை சொன்னாள்.

ராபர்ட்சன்பேட்டை கொட்டகையில் விஷயத்தைச் சொன்னதும் மேனேஜர் படத்தையே நிறுத்தி விளக்கைப் போட்டார். டோக்கன் எண்ணைச் சொல்லி, சுவிட்சில் மாட்டிவிட்டு வந்தவர் உடனே வரவும் என்றார். வேறு ஊராயிருந்தால் நாற்காலி பறந்திருக்கும். எங்கள் ஊரில் ஒருவர்கூட விசில் அடிக்கவில்லை. முன்வரிசையிலிருந்து ஒருவர் முறுக்குப் பொட்டலத்தோடு எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, கேஜில் இறங்கி, டோக்கனைக் கழற்றி, மறுபடி மேலே வரும்வரை அவர் சொன்னது ஒன்றுதான்: "கதாநாயகிய கடைசில கட்டிக் குடுத்தானா இல்லியான்னு தெரியாம பூட்ச்சே."

அவர் தன் மகளை எனக்குக் கட்டிக் கொடுத்தார். அந்த ஈரத் துண்டுக்காரிதான் அமுதா. அப்பன் மாட்டிய டோக்கனுக்காக ஒரு கொட்டகையே படத்தை நிறுத்தியதைக் கேட்டு வளர்ந்தவள். புருஷனை எதைக் கொண்டு கட்டிப்போடலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஃப்ரிட்ஜ் கடிக்குது

அவள் விளையாட்டுக்கு மாட்டவில்லை. அதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ரூம் வேலை நடந்த நாளிலிருந்தே, "ஃப்ரிட்ஜ் கடிக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கதவைத் தொட்டால் விரலில் சுருக்கென்கிறதாம். நான் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் காலில் செருப்பு இருந்தது, அவள் வெறுங்காலில் ஈரத் தரையில் நின்றிருந்தாள். எலக்ட்ரீஷியன் என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு அது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

"ஈரக் கையோட தொட்டா அப்டிதான் இருக்கும்" என்றேன். பஜாருக்குப் போய் நீல நிறத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிவந்து, சமையலறையில் போட்டுக்கொள் என்று கொடுத்தேன். புத்தர் படம் இருக்கும் வீட்டுக்குள் செருப்பா என்று முகம் சுளித்தாள். ஆனாலும் போட்டுக்கொண்டாள். வியாதியைச் சொன்னவளுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்த டாக்டர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எரியாத பல்ப்

இன்ஜினீயர் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. சின்ன வயசுப் பெண், கன்னடம் பேசும் வீட்டுப் பெண், ஸ்கூட்டரில் வந்தார். கூட ஒரு லைன்மேன். அந்தப் பெண்ணுக்கு என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். நான் பூமிக்கடியில் இருந்தபோது இந்தப் பெண் தொட்டிலில் இருந்திருக்கும் என்று மனதில் கணக்குப் போட்டேன். இப்படி நினைப்பவனுக்குத்தான் அடி பலமாக விழும்.

ஒயர்களைப் பார்த்தார். "நீட்டா பண்ணிருக்கீங்க சார்" என்றார். சுவிட்சில் தொங்கிய டோக்கனைப் பார்த்து, "இது ஏனு?" என்று கேட்டார். "எங்க வீட்டம்மா உள்ள கீறாங்க மேடம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்.

பிறகு லைன்மேன் ஒரு சாதாரண குண்டு பல்பை எடுத்தார். அதன் ஒரு ஒயரை மெயின் போர்டின் கரண்ட் முனையிலும் இன்னொன்றை எர்த் ஒயரிலும் வைத்தார். எர்த் நன்றாக இருந்தால் பல்ப் பளிச்சென்று எரிய வேண்டும். கெட்டுப்போன கரண்ட் மனித உடம்பைத் தேடாமல் மண்ணுக்குள் இறங்கும் வழி அதுதான்.

பல்ப் எரியவில்லை.

பல்பை மாற்றினார்கள். எரியவில்லை. அதே ஒயரை நியூட்ரலில் வைத்தால் கண்ணைக் கூசும்படி எரிந்தது.

"எர்த் எல்லி கொட்டிதீரா சார்? எங்க குடுத்திருக்கீங்க?"

"கம்பெனி பைப்ல மேடம்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. எங்கள் லைன் வீடுகளில் எல்லாருக்கும் அதுதான் எர்த். கம்பெனி போட்ட இரும்புத் தண்ணீர்க் குழாயில் ஒரு கிளாம்ப் போட்டு ஒயரை இறுக்கிவிடுவோம். அந்தக் குழாய் தெருத்தெருவாக மண்ணுக்குள் ஓடியது. அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

அந்தப் பெண் என்னோடு வாதாடவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, வீட்ல ஏதாவது தொட்டா ஷாக் அடிக்குதா?" என்று கேட்டார்.

"கடிக்குது மேடம்" என்றாள் அமுதா. "ரெண்டு மாசமா கடிக்குது. இவுரு எனக்கு செருப்பு வாங்கிக் குடுத்துக்கிறாரு."

சமையலறை வாசல் வழியாக எல்லோரும் அவள் காலைப் பார்த்தோம். நீலச் செருப்பு.

குழாயைக் காட்டச் சொன்னார். பின்சுவரோரம் கூட்டிப்போனேன். கிளாம்ப் இறுக்கமாக இருந்தது, இரும்பு துருவில்லாமல் இருந்தது. லைன்மேன் குனிந்து மண்ணை ஒரு சாண் தள்ளினார். இரும்பு முடிந்து, வெள்ளை பிளாஸ்டிக் ஆரம்பித்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. புது ரூமின் அஸ்திவாரத்துக்குக் குழாய் குறுக்கே வந்தது. அதை அறுத்து நகர்த்தி, நடுவில் பிளாஸ்டிக் போட்டு இணைத்தார் பிளம்பர். அவர் அறுக்கும்போது குழாயை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். இந்தக் கையால் பிடித்துக்கொண்டு, அடுத்த வாரம் அதே கையால், மிச்சமிருந்த இரும்புத் துண்டில் எர்த் ஒயரை இறுக்கியிருக்கிறேன். கண் பிளாஸ்டிக்கைப் பார்த்தது. மனசு மட்டும் கம்பெனி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆகல்ல சார், இது ஆகாது" என்றார் அந்தப் பெண், மெதுவாகவே. "தனியா எர்த் குழி போடுங்க. ஷாக் அடிச்சா தானே விழற பிரேக்கர் ஒண்ணு வைங்க. அந்த ஃப்ரிட்ஜயும் ரிப்பேர் பாருங்க. அப்புறம் கூப்பிடுங்க, நான் வர்றேன்."

அப்ரூவல் இல்லை என்று எழுதிய காகிதத்தை வாங்கிக்கொண்டு, கீஸரைப் பார்த்தபடி அந்தப் புது பாத்ரூமில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கீஸரிலும் இதே எர்த் ஒயர்தான். உள்ளே ஒரு சின்னக் கசிவு வந்திருந்தால், ஈரத்தில் நின்று குழாயைத் தொடுவது என் மகள். வயிற்றில் பிள்ளையோடு. அன்று டோக்கன் தொங்காமல் இருந்திருந்தால் நான் சுவிட்சைப் போட்டிருப்பேன்.  

அமுதா வந்து வாசலில் நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "காபி ஆறுது" என்றாள். 

வீட்டுக்குள் ஒரு ஷாஃப்ட்

புதன்கிழமை யசோதராவுக்கு வலி எடுத்தது. அமுதா அவளோடு ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டாள். மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சௌக்கியம். மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தார். குழந்தையைப் பார்த்து, அதன் உள்ளங்காலைத் தொட்டுவிட்டு, நான் வீட்டுக்கு வந்து கடப்பாரையை எடுத்தேன். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புவார்கள். நாலு நாள் இருந்தது.

கூலிக்கு இரண்டு பேர் வந்தார்கள். நானும் இறங்கினேன். எங்கள் ஊர் மண் மூன்றடிவரை நல்ல பிள்ளை மாதிரி வரும், அதற்குக் கீழே பாறை குணத்தைக் காட்டும். ஓர் இடத்தை விட்டுவிட்டு இன்னோர் இடத்தில் தோண்டினோம். வேலிக்கு அந்தப் பக்கம் தலைகள் முளைத்தன.

"இன்னா தன்ராஜண்ணே, வூட்டுக்குள்ளயே ஷாஃப்ட் எறக்கறீங்க?"

"தங்கம் வந்தா எங்களுக்கும் குடுங்க."

"வரும், வரும்" என்றேன். "முதல்ல உங்க வூட்டு எர்த்து எங்க போவுதுன்னு போய் பாருங்க." சிரித்தவர்களில் இரண்டு பேர் உண்மையாகவே போய்ப் பார்த்தார்கள். அதில் ஒருவர் மறுநாள் காலை கடப்பாரையைக் கடன் கேட்டு வந்தார்.

குழியில் நீளமான இரும்புக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, மண் தள்ளி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். புது பிரேக்கர் வைத்தேன். பாபுவைக் கடையை மூடவைத்து இழுத்து வந்தேன். இந்தத் தடவை பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் கையை உடைத்துவிடுவேன் என்று சொன்னேன். ஃப்ரிட்ஜைத் திருப்பி வைத்து அவனே கண்டுபிடித்தான், பின்னால் ஒரு ஒயரின் தோல் பொரிந்து வெடித்திருந்தது. "அண்ணி எத்தினி நாளா சொல்லிக்கினு இருந்தாங்க?" என்று கேட்டான். மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை அந்த இன்ஜினீயர் பெண் சொன்னபடி வந்தார். லைன்மேன் அதே பல்பை வைத்தார். சூரியகாந்திப் பூ மாதிரி எரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், போதும் சார் என்று அவர் அணைக்கும்வரை. பிரேக்கரின் சோதனைப் பொத்தானை அழுத்தினார், டக்கென்று விழுந்தது. இன்ஜினீயர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"சுவிட்ச் ஆன் மாடி சார், போடுங்க."

"முடியாது மேடம்" என்றேன். "டோக்கன்காரி இன்னும் வரல."

மேலே வந்தவள்

அமுதாவுக்கு போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் காகிதத்துக்காகக் காத்திருந்தாள்.

"கையெழுத்து ஆயிட்ச்சா? அப்போ கழட்டிப் போடுங்க. கொழந்தைக்கு தண்ணி சுடட்டும்."

"மாட்டனவங்கதான் கழட்டணும். உங்க அப்பாவ சினிமாலேர்ந்து இட்னு வந்தவன் நான்."

 "சரி, இருங்க, வர்றேன்" என்றாள். அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது.

இன்ஜினீயர் பெண் கிளம்பிப் போய்விட்டார். வாசலில் ஆட்டோ வந்து நிற்க மத்தியானம் ஆகிவிட்டது. முதலில் மாப்பிள்ளை இறங்கினார், பிறகு யசோதரா, கடைசியில் துணிச்சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு அமுதா. ஆரத்தி எடுத்து உள்ளே வந்ததும் குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு நேராகப் புது ரூமுக்கு நடந்தாள். சணல் கயிற்றை அவிழ்த்தாள். டோக்கனை முந்தானையில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"மேல வந்துட்டேன்" என்றாள். "போடுங்க."

போட்டேன். கீஸரில் சிவப்பு விளக்கு வந்தது. தண்ணீர் சுடும்வரை நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு பாத்ரூம் தரையில் அவளே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். ஆஸ்பத்திரிக்கும் போட்டுப்போயிருந்த நீலச் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். எல்லாச் சோதனையும் முடிந்துவிட்டது, பல்ப் எரிந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இருந்தும் அவள் வெறுங்காலோடு ஈரத்தில் நின்று குழாயின் மேல் கையை வைத்தபோது என் கை சுவிட்சுக்குப் போய்விட்டது.

திருகினாள். ஆவி பறக்கத் தண்ணீர் கொட்டியது. கையை எடுக்கவில்லை.

"இன்னா அமுதா?"

"கடிக்கல" என்றாள்.